திரும்பி வந்த ரவிக்கைத் துணி

நவராத்திரி மாலை. மயிலாப்பூர் குளத்தருகே நான் ஏறிய பேருந்தில், முன்னிருக்கையில் இரண்டு மாமிகள், மடியில் கொலு பார்த்து வாங்கிய தாம்பூலப் பைகளோடு. மூத்தவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

"வத்சலா, அபண்டன்ஸ்ங்கற வார்த்தைக்குள்ள ஒரு அலை இருக்கு, தெரியுமோ? லத்தீன்ல 'உண்டா'ன்னா அலை. தேவைக்கு மேல மிஞ்சினதுன்னு சொல்ற ரிடண்டண்ட்லயும் அதே அலைதான். அது நெறைஞ்சு வழியறது, இது வழிஞ்சு திரும்பி வரது."

"இப்ப எதுக்கு மாமி இதெல்லாம்?"

மூத்தவர் பையிலிருந்து பச்சை ரவிக்கைத் துணி ஒன்றை உருவினார்.

"ஓரத்துல இருக்கற மசிக்கறை என் பேனாவோடது. போன நவராத்திரிக்குக் கறை தெரியாம மடிச்சு யாருக்கோ வச்சுக் குடுத்தேன். இன்னிக்கு எனக்கே வந்திருக்கு. முப்பது வருஷம் பாடம் நடத்தினவளுக்கு ரிடண்டண்ட்னா என்னன்னு இப்பத்தான் புரியறது!"

வத்சலா துணியைத் தடவிப் பார்த்தார்.

"யாருக்கோ இல்ல மாமி, எனக்குத்தான் குடுத்தேள். நான் இன்னொரு மடிப்பு மடிச்சு, இப்ப போயிட்டு வந்தோமே, அந்தாத்து மாமிக்குக் குடுத்தேன்."

மூத்தவர் கறை உள்ளே போகும்படி துணியை மடித்துப் பையில் வைத்தார்.

"நாளைக்கு யாராத்துக்குப் போறோம்?"