‘எப்படியாவது’ என்று சொன்ன முதலாளி

இந்தப் பேரவைக்குத் தலைமை தாங்கி, வந்தாரையெல்லாம் வாசலுக்கே வந்து வரவேற்ற வணிகர் சங்கத் தலைவர் பிச்சைமணி அவர்களே! மேடையில் எனக்கு இருமருங்கும் வீற்றிருக்கும் ஆலை முதலாளிமார்களே! கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் வண்டி பூட்டி வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! வயதிலும் வாழ்விலும் எனக்கு மூத்த பெரியோர்களே! எண்ணெய் படிந்த கையோடு வந்து, உட்காரலாமா கூடாதா என்று தயங்கிப் பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் பிட்டர் தோழர்களே! பருத்தித் தூசியைக் கூந்தலிலிருந்து முழுதும் தட்டிவிடக்கூட நேரமின்றி, வலப்புறத்துப் பாய்களில் வந்தமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, தங்கைமார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த ராக்கையாவின் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்கள் எனக்கு அளித்த தலைப்பு, ‘தொழிலும் அறமும்.’ ஸ்ரீ ஜக்கம்மா பருத்தி ஆலையிலே இருபத்திரண்டு ஆண்டு மேனேஜராக இருப்பவர், நாலு நல்ல வார்த்தை சொல்லுவார் என்று என்னை அறிமுகம் செய்தார். நல்ல வார்த்தை சொல்லத்தான் வந்தேன். ஆனால் நல்ல வார்த்தையெல்லாம் இனிய வார்த்தையாக இருந்துவிடுமா? இன்று நான் சொல்லப்போவது கேட்பவருக்கும் இனிக்காது. சொல்லுகிற எனக்கோ எட்டியாய்க் கசக்கும்.

பின்னாலிருந்து ஒருவர் ‘சத்தமாச் சொல்லுங்கய்யா’ என்கிறார். சொல்கிறேன் ஐயா! ஒன்பது ஆண்டுகளாக மெதுவாகக்கூடச் சொல்லத் துணியாததை இன்று சத்தமாகவே சொல்கிறேன்.

சென்ற தை மாதத்தில் நம்மை விட்டு மறைந்த எங்கள் முதலாளி அய்யாத்துரை அவர்களை இந்தத் தேனியில் அறியாதவர் யார்? அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஒரு பேச்சையும் அறியாதவர் யார்? ‘பஞ்சுப் பேலுக்கு ஆசைப்பட்டு, இயந்திரத்து மூடியைக் கழற்றச் சொல்லி, ஒரு பெண்ணின் கையைப் பறித்த மனிதன்!’ என்று சந்தையிலே பேசினீர்கள், சாவடியிலே பேசினீர்கள், அவருக்குக் கோர்ட்டிலே அபராதம் விதித்த நாளில் அவர் காதுபடவே பேசினீர்கள்.

அவையோரே! அந்த மூடியைக் கழற்றச் சொன்னவர் அய்யாத்துரை அல்லர். கழற்றச் சொன்னவன் நான்.

அமைதியாக இருங்கள். முழுதும் கேளுங்கள். கேட்ட பிறகு என்னை என்ன சொன்னாலும் தகும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு. அந்த ஆண்டு மாசியில், வருசநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த பருத்தி வண்டிகள் ஆலை வாசலிலிருந்து ஆற்றுப்பாலம் வரை வரிசை கட்டி நின்றன. தூத்துக்குடி வியாபாரி ஒருவர் இருநூறு பேல், அதாவது இருநூறு பெருங்கட்டுப் பஞ்சு கேட்டிருந்தார். வீரபாண்டித் திருவிழா வந்துவிட்டால் எந்தப் பெண் ஆலைக்கு வருவாள்? எந்த வண்டிக்காரர் வண்டி பூட்டுவார்? ஆகையால் கொடி ஏறுமுன் அத்தனையும் அனுப்பியாக வேண்டும். முதலாளி தூத்துக்குடிக்குப் புறப்பட்டார். காரில் ஒரு காலை வைத்தவர், திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்:

“ராக்கையா, கொடியேத்தத்துக்கு முன்னாடி இருநூறும் போயாகணும். எப்படியாவது முடிச்சிருய்யா.”

எப்படியாவது! எத்தனை எளிய சொல்! தினந்தோறும் நாம் வாரி இறைக்கிற சொல்! இந்த மேடையில் இருக்கும் முதலாளிமார்களே, இன்று காலையிலிருந்து அதை நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? சொன்னவர் காரில் ஏறிப் போய்விட்டார். கேட்டவன் அதைக் கையிலே பிடித்துக்கொண்டு ஆலைக்குள்ளே நுழைந்தேன்.

அரவை இயந்திரத்தின் பல்சக்கரங்களுக்கு மேலே ஓர் இரும்பு மூடி இருக்கும். பஞ்சு போய் அடைத்துக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்தி, மூடியைத் திறந்து, அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை நிற்கும். மூடி இல்லாவிட்டால்? ஓடும்போதே ஒரு தட்டுத் தட்டிப் பஞ்சை விலக்கிவிடலாம். இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டர் சுருளியாண்டியைக் கூப்பிட்டேன். அதோ, தூணோரமாக நிற்கிறாரே, அவர்தான். மூடிகளைக் கழற்று என்றேன்.

“வேணாங்கய்யா. மொதலாளி வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்” என்றார்.

“மொதலாளிதான்யா எப்படியாவது முடிக்கச் சொல்லீட்டுப் போயிருக்காக. கழட்டு!” என்றேன்.

கழற்றினார். முதல்நாள் இரண்டு பேல் கூடியது. மறுநாள் மூன்று. என் நெஞ்சு நிமிர்ந்தது. முதலாளி வந்ததும் முதுகிலே தட்டிக்கொடுப்பார் என்று நாலு நாளும் மனக்கோட்டை கட்டினேன்.

ஐந்தாம் நாள் மதியம், மூன்றாம் இயந்திரத்தில் ஓர் அலறல் கேட்டது. மூக்கம்மாள்! அன்று அவருக்கு இருபத்து நாலு வயது. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். எங்கள் ஆலையில் அவர் கைக்கு நிகரான கை கிடையாது, அத்தனை விரைவு. சக்கரத்தில் சிக்கிய பஞ்சைத் தட்டப் போன வலக்கையில் மூன்று விரல்களை அந்தச் சக்கரம் கொண்டுபோயிற்று. சுருளியாண்டி பாய்ந்து பெல்ட்டைத் தள்ளியிராவிட்டால் முழங்கை வரை போயிருக்கும்.

தாய்மார்களே, நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரை வண்டியிலே ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கூடப் போனேனா? போகவில்லை. அந்த வண்டி வாசலைத் தாண்டுமுன்னே, “மூடியை எல்லாம் மறுபடி மாட்டு!” என்று உத்தரவிட்டேன். தரையிலே இரத்தம் காயவில்லை. நான் திருகாணி முடுக்கச் சொன்னேன்.

பிறகு மேசைக்குப் போய் ஒரு காகிதம் எழுதினேன். ‘மூக்கம்மாள் என்பவள் ஆலை விதியை மீறி, தானே மூடியைத் திறந்து கையை விட்டாள்’ என்று எழுதினேன். உடனிருந்த பதினொரு பெண்களைக் கூப்பிட்டேன். பதினொரு பேரும் கைநாட்டு வைத்தார்கள். நான் மிரட்டினேனா? இல்லை. அதட்டினேனா? அதுவும் இல்லை. மை டப்பாவைத் திறந்து வைத்தேன், வரிசையாக வந்தார்கள், வைத்தார்கள், போனார்கள். மிரட்டவே தேவைப்படாத அளவுக்கு அச்சம் எங்கள் ஆலைச் சுவரிலே ஊறிக் கிடந்தது. அதை ஊற வைத்தவன் யார்? பதின்மூன்று ஆண்டு மேனேஜராக இருந்த நான்!

மூன்றாம் நாள் முதலாளி திரும்பினார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அம்மாளைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே ஆலைக்கு வந்தார். அவர் வரவும், மதுரையிலிருந்து தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வரவும் சரியாக இருந்தது. நான் காகிதத்தை நீட்டினேன். முதலாளி ஒரு முறை படித்தார். மறு முறை படித்தார். அருகே நின்ற சுருளியாண்டியைப் பார்த்தார். சுருளியாண்டி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். “இந்தக் காயிதத்துல உள்ளது பொய்யிங்க. மூடி கழட்டித்தான் கெடந்துச்சு” என்றார்.

“யார் உத்தரவு?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“ஆலை என்னுது. இங்கன நடக்கிற உத்தரவெல்லாம் என் உத்தரவு. எழுதிக்கிருங்க.”

அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் போன பின் முதலாளியின் அறைக்குள் ஓடி, “மொதலாளி, நானே போயி உள்ளதைச் சொல்லிர்றேன்” என்று கதறினேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. எரிந்து விழவும் இல்லை.

“எப்படியாவதுன்னு சொன்னது யாருய்யா? நாந்தான? அதுக்குள்ள என்னென்ன அடங்கும்னு ஒரு நிமிசம் யோசிச்சேனா? நான் வாயத் தொறந்து சொல்லல, அவ்வளவுதான். சட்டத்துக்கு நான் பதில் சொல்லிக்கிர்றேன். ஆனா மூக்கம்மாகிட்ட நீதான் போகணும். நான் செஞ்சேன்னு நீயே சொல்லணும். அதை உனக்காக நான் சொல்ல முடியாது.”

போனேனா? மூக்கம்மாளின் ஊரான வீரபாண்டி வரை போனேன். அவர் தெருமுனை வரை போனேன். வீட்டு வாசலில் அவருடைய சின்னப் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தது, திரும்பிவிட்டேன். ‘போனியா?’ என்று முதலாளி கேட்டார். அந்த ஆண்டு ஒரு முறை கேட்டார், அடுத்த ஆண்டு ஒரு முறை கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். அபராதம் அவருக்கு. அவர் கேட்காமல் விட்டதே எனக்குத் தண்டனை.

அதற்குப் பின் எங்கள் ஆலையில் நடந்ததைக் கேளுங்கள். ‘எப்படியாவது’ என்ற சொல்லை முதலாளி தம் வாயிலிருந்தே துடைத்தெறிந்தார். ‘எப்படி முடிப்பே? சொல்லு’ என்று கேட்கத் தொடங்கினார். இயந்திர வரிசை நெடுக ஒரு கயிறு கட்டினார். இழுத்தால் மணி அடிக்கும், என்ஜின் நிற்கும். யார் வேண்டுமானாலும் இழுக்கலாம் என்றார். மூக்கம்மாள் குணமாகி வந்ததும், அந்த வரிசைக்கே மேற்பார்வை அவரிடம் ஒப்படைத்தார்.

கயிறு கட்டுவது எளிது! எந்த ஆலையும் கட்டிவிடலாம்! இழுத்தவரை என்ன செய்கிறோம் என்பதல்லவா கேள்வி?

ஒரு நாள் தூத்துக்குடி வியாபாரி நேரிலே வந்திருந்தார். அரவை மும்முரம். திடீரென்று மணி! ஆலை முழுதும் நின்றது. மூக்கம்மாள் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறார். “தீஞ்ச வாடை வருதுங்க” என்றார். அரைமணி நேரம் மூலை முடுக்கெல்லாம் தேடினோம். ஒன்றுமில்லை. வெளியே வேலியோரம் யாரோ காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைக் கொளுத்திய புகை! வியாபாரி சிரித்தார். நான் பல்லைக் கடித்தேன். முதலாளி என்ன செய்தார்?

“நல்லாப் பாத்தாச்சா? ஒண்ணுமில்லையா? நல்லது தாயி. ஓட்டச் சொல்லு” என்றார். பிறகு வியாபாரியிடம், “இன்னைக்கு நான் அந்தப் பிள்ளைய மொறச்சு ஒரு பார்வை பாத்தேன்னு வைங்க, நாளைக்கு நெசமாவே தீப்பிடிக்கையில ஒரு கையி கயித்தத் தொடாது” என்றார்.

கேட்டீர்களா! ஓர் ஆலையின் குணம் எங்கே இருக்கிறது? பெயர்ப்பலகையிலா? பொங்கலுக்குக் கொடுக்கும் வேட்டியிலா? தலைமையில் இருப்பவன் தவறாய் மணியடித்தவரைப் பார்க்கிற அந்த ஒரு பார்வையிலே இருக்கிறது. அன்று நாற்பது பேர் அதைப் பார்த்தார்கள். அதன் பின் எங்கள் ஆலையில் ஒரு பெண்ணும் பொய்க்குக் கைநாட்டு வைக்கவில்லை. வை என்று கேட்கும் துணிவு எனக்கும் வரவில்லை.

என்னம்மா? எழுந்து நிற்கிறீர்களே? அவையோரே, சற்றுப் பொறுங்கள். எழுந்திருப்பவர் மூக்கம்மாள். அவர் பேசட்டும். யாரும் உட்காரச் சொல்லாதீர்கள்.

“இத மொதலாளி உசுரோட இருக்கையில சொல்லியிருக்கலாமேய்யா! நீக சொல்லல. நான் அவுகதான் கழட்டச் சொன்னாகன்னு நெனச்சு, ஒம்பது வருசமும் மனசுக்குள்ள அவுகளத் திட்டிக்கிட்டேதானய்யா அங்கன வேலை பாத்தேன். சாவுக்கு எல்லாரும் போனாக. நான் போகலையேய்யா!”

தாயே! விரலைத்தான் நான் போக்கினேன் என்று இந்த நிமிடம் வரை எண்ணியிருந்தேன். ஒரு நல்ல மனிதருக்கு நீங்கள் சிந்தியிருக்க வேண்டிய கண்ணீரையும் நான் தடுத்திருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. மன்னியுங்கள் என்று கேட்கமாட்டேன். கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

மேடையில் இருக்கும் முதலாளியின் திருமகன் கருத்தக்கண்ணன் அவர்களே! இன்று காலை என் ராஜினாமாவை உங்களிடம் கொடுத்தபோது காரணம் கேட்டீர்கள். மாலையில் மேடையில் சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன். உங்கள் தந்தையார் மீது விழுந்த பழி என்னுடையது. ஊரறிய எடுத்துக்கொள்கிறேன்.

முதலாளிமார்களே! யுத்த காலத்திலே பஞ்சுக்கு வந்த கிராக்கியைப் பார்த்தோம். இந்த வட்டாரத்து ஆலைகள் சிலவற்றில் இன்றும் சக்கரங்கள் மூடியின்றிச் சுழல்வதை என் கண்ணால் பார்த்து வந்திருக்கிறேன். எந்த ஆலை என்று சொல்லமாட்டேன். தலைகுனிந்து அமர்ந்திருப்பவர்களுக்குத் தெரியும்! நாளைக் காலை நீங்களே உள்ளே போங்கள். மேனேஜரைக் கேட்காதீர்கள்; அவன் என்னைப் போன்றவனாக இருக்கக்கூடும். பருத்தி போடும் பெண்ணைக் கேளுங்கள்! எண்ணெய் ஊற்றும் ஆளைக் கேளுங்கள்! அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்து உண்மை சொன்னால் உங்கள் தொழில் வாழும். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மேனேஜர் முகத்தைப் பார்த்தார்களானால், எத்தனை இலட்சம் வந்தாலும் அது நோய் பிடித்த ஆலை! இந்த நாடு தன் ஆட்சியைத் தன் கையிலே வாங்கப்போகும் நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. நான்கு சுவருக்குள்ளே நாற்பது பேரை அஞ்சாமல் வைத்திருக்கத் தெரியாத நாம், நாட்டை எந்த முகத்தோடு ஆளப்போகிறோம்?

கைதட்ட வேண்டாம், ஐயா. தட்டாதீர்கள். எனக்குப் போட வைத்திருக்கும் மாலையும் வேண்டாம். உங்கள் தெருவுக்குப் போனதும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு செய்தி சொல்லுங்கள்: அந்த உத்தரவை அய்யாத்துரை போடவில்லை, ராக்கையா போட்டான் என்று. ஒன்பது ஆண்டு அவரைப் பேசிய அதே வாய்களால் சொல்லுங்கள்.

இடையிலே எழுந்து போகாமல் என்னைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும், சபை நடுவே எழுந்து உண்மை பேசிய மூக்கம்மாளுக்கும் என் நன்றி. இத்தனைக்கும் பிறகு ஏற்றுக்கொள்வீர்களானால், உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.