தலைவர் போட்ட டிக்

தலைவர்: அனுப்பிட்டியா? நிஜமாவா?

வக்கீல்: அனுப்பிட்டேன். காலையில தபால் பெட்டியில போட்டுட்டுத்தான் இங்க துணி துவைக்க இறங்கி வந்தேன்.

தலைவர்: என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே...

வக்கீல்: என் வரிக் கணக்கு. என் கையெழுத்து. நான் திருத்துறேன். உங்களை எதுக்குக் கேக்கணும்?

தலைவர்: நிரப்பிக் கொடுத்தது யாரு? உனக்கு மட்டுமா? இந்த வீட்டுல இருக்கிற அத்தனை பேருக்கும் உக்காந்து நிரப்பிக் கொடுத்தேன். சும்மா. ஒரு டீகூட வாங்கித் தரல நீங்க.

வக்கீல்: அதேதான் சொல்றேன். ஒரே மத்தியானத்துல அத்தனை பேருக்கும் நிரப்புனீங்க. முதல் கேள்வியிலயே தப்பா டிக் போட்டீங்க. 'இந்த நாட்டுல குடியிருக்கிறவரா, வெளிநாட்டவரா'ன்னு கேட்டிருக்கான். நீங்க...

தலைவர்: குடியிருக்கோமா இல்லையா? வாடகை கட்டுறோம். குப்பைத் தொட்டியை வெளிய வைக்கிறதுக்கு முறை போட்டு வச்சிருக்கோம். இதுக்கு மேல எப்படிம்மா குடியிருக்கிறது?

வக்கீல்: ஜோக்கு வேண்டாம். படிக்க வந்தவங்க முதல் சில வருஷம் வரிக்கு வெளிநாட்டவர்தானாம். காலேஜ் ஆபீஸ்ல வெளிநாட்டு மாணவர்களைப் பார்த்துக்கிற அம்மா தெளிவா சொல்லிட்டாங்க. குடியிருக்கிறவங்களுக்குக் கொடுக்குற சலுகை நமக்குக் கிடையாது. அதை வச்சு எனக்குத் திரும்பி வந்த பணமும் என்னோடது இல்ல.

தலைவர்: அந்தப் பணத்துல கோட்டு வாங்குனப்போ இனிச்சுதுல்ல?

வக்கீல்: இனிச்சுது. இப்ப கசக்குது. திருப்பிக் கட்டப் போறேன்.

தலைவர்: எங்கேயிருந்து?

வக்கீல்: லீவுல நூலகத்துல முழுநேரமா புத்தகம் அடுக்குவேன். அது என் பாடு.

தலைவர்: பெரிய உத்தமி!

வக்கீல்: உத்தமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. படிப்பு முடிஞ்சதும் வேலை அனுமதிக்கு எழுதிப் போடணும். அதுல 'என் வரிக் கணக்கெல்லாம் சரி'ன்னு கையெழுத்து கேக்குறான். பொய்க் கையெழுத்துப் போட்டுட்டு, காலிங் பெல் அடிக்கும்போதெல்லாம் பதற என்னால முடியாது.

சோடாபுட்டி: கொஞ்சம் நகருங்க... என் துணி உள்ள இருக்கு. என்ன, ரெண்டு பேரும் மெஷினைவிட சத்தமா ஓடுறீங்க?

தலைவர்: ஒண்ணுமில்லடா. துணியை எடுத்துக்கிட்டு மேல போ.

வக்கீல்: போகாத சோடாபுட்டி. உனக்கும் சம்பந்தம் இருக்கு.

தலைவர்: அவனை ஏன் இழுக்குற? அவன் பரீட்சைக்குப் படிக்கட்டும்.

சோடாபுட்டி: பரீட்சை போன வாரமே முடிஞ்சிருச்சு தலைவரே...

வக்கீல்: உன் வரிக் கணக்கும் தப்புடா. போன வருஷம் தலைவர் நம்ம எல்லாருக்கும் ஒரே மாதிரி நிரப்பினாரே, அது.

சோடாபுட்டி: தலைவர் போட்டா எப்படித் தப்பாகும்? அவரைக் கேட்டுத்தானே நான் செருப்பே வாங்குறேன்.

தலைவர்: பார்த்தியா... இவன் மாதிரி இருந்துட்டுப் போயேன். யாராவது கேட்டாங்களா? நீயா வம்புக்குப் போய் 'தப்பு பண்ணிட்டேன்'னு எழுதிப் போட்டா, உன் விலாசத்தைப் பார்ப்பான். அதே விலாசத்துல இன்னும் நாலு பேர். எல்லாரையும் தோண்டுவான்.

சோடாபுட்டி: ஊருக்கு அனுப்பிடுவானா?

தலைவர்: அனுப்பினாலும் அனுப்புவான்.

வக்கீல்: தோண்டட்டும். நான் எதையும் ஒளிக்கல, நானா போய்ச் சொல்றேன். அதுக்கு ஊருக்கு அனுப்புவான்னா பெட்டியைத் தூக்கிக்கிட்டுத் தலை நிமிர்ந்து போறேன்.

தலைவர்: சினிமா வசனம் பேசாத. எல்லாம் வரி ஆபீஸ்ல இருந்து அந்த அட்டை வர்ற வரைக்கும்தான். 'உங்கள் திருத்தம் கிடைத்தது'ன்னு மஞ்சக் கலர்ல ஒண்ணு வரும் பாரு... அன்னைக்குத் தெரியும். அப்புறம் மாசக் கணக்கா ஒண்ணும் வராது. தபால்காரரைப் பார்த்தாலே...

வக்கீல்: நில்லுங்க தலைவரே.

தலைவர்: என்ன? ஏன் அப்படிப் பார்க்குற?

வக்கீல்: அட்டை மஞ்சக் கலர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

தலைவர்: யாரோ... சொன்னாங்க.

வக்கீல்: யாரு?

தலைவர்: ஆபீஸ்ல ஒருத்தர்.

சோடாபுட்டி: நீங்க வேலையில சேர்றதே அடுத்த மாசம்தானே தலைவரே?

தலைவர்: உன் துணி இன்னும் காயல போல... இன்னொரு சுத்து விட்டுட்டு அப்புறமா வா.

வக்கீல்: தலைவரே... நீங்க திருத்திட்டீங்க, இல்ல? உங்களோடதை மட்டும்.

தலைவர்: அந்தக் கூடையை இப்படி நகர்த்து, வழியில கிடக்கு.

வக்கீல்: எப்ப?

தலைவர்: வேலை அனுமதிக்கு எழுதும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது. திருத்தி அனுப்பினேன். பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னான், கட்டினேன். கூட கொஞ்சம் வட்டி.

சோடாபுட்டி: ஊருக்கு அனுப்பலையா?

தலைவர்: இங்கதானேடா நிக்கிறேன்!

வக்கீல்: விசாவைப் பத்தி ஏதாவது கேட்டானா?

தலைவர்: ஒரு கேள்வி கேக்கல.

வக்கீல்: அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் எங்களுக்குப் பூச்சாண்டி காட்டுனீங்க?

தலைவர்: சொன்னா எல்லாரும் பணம் கட்டணும். அப்பதான் ஃபீஸ் கட்டிட்டு ஆளுக்கு ஆள் முழி பிதுங்கிக்கிட்டு இருந்தீங்க. அதோட... இந்த வீட்டுல பல்பு மாத்தணும்னாலும் என்னைக் கேக்குறீங்க. தலைவரே, தலைவரேன்னு... எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு 'உங்க எல்லாரோடதையும் கெடுத்துட்டேன்'னு சொல்றது?

வக்கீல்: அந்த மூஞ்சிக்குத்தான் நாங்க மாசாமாசம் வட்டி ஏத்திக்கிட்டு இருக்கோம்.

தலைவர்: உனக்கு வக்கீல்னு பேர் வச்ச என் வாயை...

வக்கீல்: பேர் வச்சீங்கல்ல, கேளுங்க. தப்பா டிக் போட்டதுக்கு எனக்குக் கோபமே இல்ல. நானும்தான் ஒரு வரிகூடப் படிக்காம கையெழுத்துப் போட்டேன். ஆனா, தெரிஞ்சதுக்கு அப்புறமும் சாப்பிடும்போது எதிர்ல உக்காந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி சிரிச்சீங்களே... அதுக்குத்தான்.

சோடாபுட்டி: எனக்கு ரெண்டுக்கும் கோபம்.

தலைவர்: சரி. தப்புதான். ஒத்துக்கிறேன். ஆனா நீதான் அனுப்பிட்டியே... உன் வேலை முடிஞ்சுது. இனி என்னை இந்த ஈரத் துணிக்கு நடுவுல நிக்க வச்சுக் குடைஞ்சு உனக்கு என்ன ஆகப் போகுது?

வக்கீல்: அனுப்பல தலைவரே... பையிலதான் இருக்கு. தபால் பெட்டி வரைக்கும் போயிட்டு, பயந்துபோய்த் திரும்பி வந்துட்டேன். போட்டுட்டேன்னு சொன்னா, என்னவெல்லாம் ஆகும்னு நீங்களே கொட்டிடுவீங்க, அதைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு நினைச்சேன். கேட்டாச்சு. இப்ப நிஜமாவே போடப் போறேன். நான் திரும்பி வர்றதுக்குள்ள மேல இருக்கிற ரெண்டு பேர்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்க... இல்லைன்னா நான் சொல்லுவேன்.