நெஞ்சுச் சளிக்குச் சூடம்

வெதுவெதுப்பான தேங்காயெண்ணெயில் சூடத்தைக் கரைத்து நெஞ்சில் தேய்த்தால் சளி இளகும். விருதுநகரில் எங்கள் அய்யா வைத்திருந்த நாட்டு மருந்துக் கடையில் நான் முதலில் கற்றது அது. அடுத்துக் கற்றது, சூடம் வயிற்றுக்குள் போகக் கூடாது, போனால் வலிப்பு வரும் என்பது.

அய்யா சாகும்போது கடையை எனக்கும், விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியைத் தம்பி சங்கரபாண்டியனுக்கும் கொடுத்தார். மூத்தவன் நான். ஏன் இப்படி என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

ஒரே வீட்டில்தான் இருந்தோம். தம்பிக்கு அடிக்கடி சளி பிடிக்கும். கருப்பட்டி போட்டு சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பேன்.

“என்னண்ணே இது, இதை ஊத்துனா வெடியே நமுத்துப் போயிரும் போல” என்று சிரித்துக்கொண்டே குடிப்பான்.

சூடம் கொஞ்சமாகத்தான் சேர்த்தேன். அவனைக் கொல்லும் எண்ணம் எனக்கில்லை. வலிப்புக்காரனை வெடிமருந்து கலக்கும் அறைப் பக்கம் யாரும் விடமாட்டார்கள், அவ்வளவுதான். கம்பெனி வாசலில் ஒருமுறை விழுந்தான். போர்மேன் சோலைமலை என்னைத் தேடி வந்தார்.

“அண்ணாச்சி, சின்ன மொதலாளி உள்ள வந்தா பொம்பளையாளுக வேலைக்கு வரமாட்டோம்ங்காக. நீங்களே கம்பெனியப் பாத்துக்கிடுங்க.”

ஒத்துக்கொண்டேன்.

அறுபத்து மூன்றாம் வருஷம், தீபாவளி சீசனுக்கு முன், தம்பி ஓய்வுக்காக மல்லாங்கிணற்றில் உள்ள மாமியார் வீட்டுக்குப் போனான். முகம் தெளிந்து திரும்பி வந்தான்.

“அங்கன இருந்த வரைக்கும் ஒருதடவகூட வரலண்ணே. இன்னைக்கு நானே உள்ள நின்னு கலக்கப் போறேன். அப்பத்தான் ஆளுக நம்புவாக.”

“வேண்டாம்லே.”

“போகத்தாண்ணே போறேன்.”

கஷாயம் தயாராக இருந்தது. வழியிலேயே விழுந்து திரும்பட்டும் என்று அன்று சற்றுக் கூடுதலாகச் சேர்த்தேன். வாசலில் நின்றபடியே குடித்தான்.

வழியில் விழவில்லை.

அறைக்குள் அவனோடு வேலையாட்கள் ராமுத்தாயும் குருவம்மாளும் இருந்தார்கள். கலவையின் மேலேயே விழுந்தான் என்று, வெளியே நின்ற சோலைமலை சொன்னார். பிறகு அங்கே அறை இல்லை.

ராமுத்தாயின் தாய் என் தம்பி மனைவி மேல் மண்ணை வாரித் தூற்றினாள். “சீக்காளிய அனுப்பி எம்மகளத் தின்னுட்டியேடி.” என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

கஷாயத்தில் சூடம் சேர்த்தது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் போகாதே என்று சொன்னவனும் நான்தான். அண்ணன் பேச்சைக் கேட்டிருந்தால் மூன்று பேரும் இன்று உயிரோடு இருப்பார்கள்.