பாதியில் நிறுத்திய பேட்ச்

இந்த அறையின் மின்விசிறி சத்தம் போடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. என் அறையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த பழையதை மாற்றிவிட்டேன். புதியது சுற்றுவதே தெரியாது. என்னுடையது புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர். சொக்கநாதன் என்று நான் ஒருவன் அங்கே இருப்பது கீழே டயர் கடைக்காரருக்குக்கூடத் தெரியுமா என்பது சந்தேகம்.

நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனைக்குப் பல ஊர்களில் கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் நோயாளிகளின் விவரங்களுக்கு ஒரு பிரதி உண்டு. ஓர் ஊரில் எழுதுவது மற்ற ஊர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். மாற்றங்களையெல்லாம் சேர்த்து ஒரே கட்டாக அனுப்புவேன், பேட்ச் என்போம். ஆரம்பத்தில் அது பாதி போகும், பாதி நின்றுவிடும். அப்போதெல்லாம் கோட்டைப்பட்டினம் கிளையிலிருந்து நர்ஸ் சந்தனமேரி போன் செய்வாள்.

"அண்ணே, அன்னவாசல் கிளையில ஒருத்தருக்கு மருந்த மாத்திட்டாங்களாம். இங்கிட்டு இன்னும் பழசத்தான் காட்டுது. கொஞ்சம் என்னான்னு பாருங்களேன்."

நான் சரிசெய்யும்வரை பேசிக்கொண்டிருப்பாள். காற்று பலமாக இருக்கிறது, படகு ஒன்றும் கடலுக்குப் போகவில்லை என்பாள். "சாப்ட்டீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். என்னிடம் அதைக் கேட்க வேறு யாரும் இல்லை.

பிறகு என் வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன். பேட்ச் போனால் முழுவதும் போகும். ஒரு வரி தவறினாலும் எதுவுமே போகாது. நடுவில் அரைகுறையாக இருக்கும் நிலை எந்த ஊரிலும் யார் கண்ணுக்கும் தெரியாது. நிர்வாகம் பாராட்டியது. தவறுகள் நின்றன. போனும் நின்றது. ஒருநாள் டீ கேட்க வாயைத் திறந்தபோது குரல் வரவில்லை. கடைசியாக யாரிடம் பேசினேன் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

ஆகவே அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டேன். சின்ன விஷயங்களில்தான் பேட்சைப் பாதியில் நிறுத்தினேன். ஒருவரின் முகவரி, இன்னொருவர் மறுபடி வரவேண்டிய தேதி. மேரி மீண்டும் கூப்பிட்டாள். ஆனால் அவள் கெட்டிக்காரி. கொஞ்ச நாளில் அன்னவாசலுக்கே நேராகப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளப் பழகிவிட்டாள். அவளால் சமாளிக்க முடியாத ஒன்று தேவைப்பட்டது.

உடையப்பன் அன்னவாசல் பக்கத்து விவசாயி. அவர் பெயரில் தவறுதலாக இரண்டு பதிவுகள் இருந்தன. பழையதில் ஓர் எச்சரிக்கை: குறிப்பிட்ட ஓர் ஊசி இவருக்கு ஒத்துக்கொள்ளாது, போட்டால் மூச்சு அடைத்துவிடும். இரண்டு பதிவுகளையும் ஒன்றாக்கும் வேலை அன்றைய பேட்சில் இருந்தது. முதலில் பழையதை அழிக்க வேண்டும், அடுத்து எச்சரிக்கையைப் புதியதில் எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிறுத்தினேன்.

கோட்டைப்பட்டினத்தில் இருக்கும் மகள் ராசாத்தி வீட்டுக்கு அவர் போயிருந்தார். காலில் சிப்பி கிழித்துப் புண்ணாகி, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தவரை மகள் அங்குள்ள எங்கள் கிளைக்குக் கூட்டிவந்தாள். எந்த ஊசி ஆகாது என்பது அவளுக்குத் தெரியாது. திரையில் எச்சரிக்கை எதுவும் இல்லை. டாக்டர் அதே ஊசியை எழுதினார், மேரி போட்டாள்.

போன் வந்தது. "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே. அந்த ஊசி ஆகாதுன்னு அன்னவாசல்ல எழுதியிருந்தாங்களாம். எனக்கு ஏண்ணே காட்டல?"

அழுதாள். நிதானமாகப் பேசச் சொன்னேன். சாப்பிட்டாயா என்று இந்த முறை நான் கேட்டேன். கேட்டுக்கொண்டே மீதி வரியை ஓடவிட்டேன். எல்லா ஊர்களிலும் எச்சரிக்கை வந்துவிட்டது, காலையிலிருந்தே இருந்தது போல நேரத்தையும் மாற்றினேன். விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தது அதைத்தான். எச்சரிக்கையைக் கவனிக்காமல் ஊசி போட்டாள் என்று எழுதிக்கொண்டார்கள்.

அதன்பின் மேரி தினமும் கூப்பிட்டாள். "நீங்களாவது நம்புங்கண்ணே" என்பாள். நம்புகிறேன் என்றேன். அதில் பொய் இல்லை. அவள் சொல்வது உண்மை என்று அறிந்த ஒரே ஆள் நான்தான்.

உடையப்பன் அங்கே படுத்திருந்தது எனக்குத் தெரியுமா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். தெரியும். அவர் வந்தது என் திரையில் தெரிந்த பிறகுதான் நிறுத்தினேன். டாக்டர் ஊசியை எழுதியதையும் பார்த்தேன். ஒரு பொத்தானைத் தட்டியிருந்தால் எச்சரிக்கை வந்திருக்கும். வந்திருந்தால் அவள் என்னைக் கூப்பிடக் காரணமே இருந்திருக்காது.

போன வாரம் அவளைக் கைது செய்து, போனையும் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். அதனால்தான் நானாகவே வந்தேன். இனி அவளை விட்டுவிடுவீர்கள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது என் எண் மாறவில்லை என்று சொல்லுங்கள்.

அவளை அழைத்துப்போகக் கணவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் காலையிலிருந்து வெளியே நிற்பதாகச் சொல்கிறீர்கள். நன்றாக விசாரித்துப் பாருங்கள். அவர்கள் வேறு யாருக்காகவாவது வந்திருப்பார்கள்.