சாக்கெட்டைக் கேக்காம விட்டது

…கதவே இல்லைங்கறான்க்கா! நான் கதவைத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கேன், இவன் கதவே இல்லைங்கறான்! நீங்க தைங்க, வாயில குண்டூசியோட பதில் சொல்ல வேணாம். இடுப்புல இன்னும் கொஞ்சம் பிடிங்க… ஆ, அங்கதான்.

யாரா? எங்க ஆபீஸ் ஊமைக்கோட்டான். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே வேலை. என் புரோகிராம் ஒரு சாக்கெட் தொறக்கும்… ஐயோ, சுவத்துல பிளக் சொருகறது இல்லக்கா! இது கம்ப்யூட்டருக்குள்ள. ஒரு புரோகிராம் இன்னொண்ணோட பேசற வாசல்னு வெச்சுக்கங்க. வாசலுக்குக் கதவு நம்பர் வேணும்ல? நான் பூஜ்யம்னு குடுப்பேன். பூஜ்யம்னா, ‘எது காலியோ அதை நீயே குடு’ன்னு அர்த்தம். கம்ப்யூட்டரும் சமத்தா ஒண்ணு குடுத்துரும். அந்த நம்பரை நான் அனுப்பணும், இவன் புரோகிராம் வந்து தட்டணும். அவ்ளோதான்!

எங்க தட்டுது! தினமும் நான் அவன் மேசைக்குப் போயி நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி. மனுஷன் குனிஞ்ச தலை நிமிராம, “சரிங்க, பாக்கறேங்க”ம்பான். எருமை மேல மழை பெஞ்ச மாதிரி! மேனேஜர் வேற, வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடலைன்னா ரெண்டு பேரையும் வேற வேற டீமுக்கு மாத்திருவேன்னுட்டார்.

இன்னிக்குக் காலையில என்னமோ தோணி, நான் எழுதின புரோகிராமையே பாத்தேன். அக்கா… சிரிக்காதீங்க, ஊசி குத்திரும். எந்த நம்பர் கிடைச்சுதுன்னு நான் சாக்கெட்டைக் கேக்கவே இல்ல! ‘உன் அட்ரஸ் என்னம்மா’ன்னு ஒரே வரி. கேட்டிருந்தா பட்டுன்னு சொல்லியிருக்கும். நானே எழுதிக் குடுத்த பூஜ்யத்தை நானே திரும்பப் படிச்சு, அதையே அனுப்பியிருக்கேன்! பாவம், அவன் புரோகிராம் இல்லாத கதவைப் போய்த் தட்டித் தட்டி…

அப்புறம் கேட்டேன். முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்னு ஒரு நம்பர் வந்துச்சு. அனுப்பினேன். தட்டினான். தொறந்துச்சுக்கா! நாற்காலியோட ஒரு சுத்து சுத்திட்டேன்.

சந்தோஷம் அடங்கினதும் மானம் போச்சு. மன்னிப்புக் கேக்கப் போனா, “பரவாயில்லீங்க, எனக்கு மொத நாளே தெரியும்”ங்கறார்!

ஆமா, ‘ர்’தான். அதுக்கு ஏன் புருவத்தைத் தூக்கறீங்க?

தெரிஞ்சா சொல்லித் தொலைக்கறதுக்கென்னன்னு பிடிச்சேன் ஒரு பிடி. “வெள்ளிக்கிழமை காலையில சொல்லலாம்னு இருந்தேன். மொதல்லயே சொல்லியிருந்தா, தினம் என் மேசைக்கு வந்திருப்பீங்களா?”ன்னார்.

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் மேசைக்கிட்டயே உக்காந்துட்டேன்க்கா!

அப்புறம் என்ன, சனிக்கிழமை சாயங்காலம் வெளிய போலாமான்னு… இல்ல இல்ல, அவர் எங்க கேட்டார், நான்தான் கேட்டேன். அதனால இந்தக் கவுனை மட்டும் சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள தைச்சுருங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!