மூடாமல் வளர்ந்த செடி

— கையை நீட்டு தைஸ்தோ. நீட்டுன்னா நீட்டு. இது என்ன?

— ஊசி.

— என்ன ஊசி?

— ஸ்ப்ரூஸ் மரத்து ஊசியிலை. காஞ்சு போனது. இதுக்காகவா தடியை ஊணிக்கிட்டு ஏரி முனை வரைக்கும் போயிட்டு வந்தே? இடுப்பு பிடிச்சுக்கப் போகுது இர்யா. உக்காரு, காபி போட்டு வச்சிருக்கேன்.

— நான் உக்காரல. இது எங்க கிடந்துதுன்னு கேளு.

— எங்க கிடந்துது?

— என் செடிக்குள்ள. ஊரே 'குட்டி இர்யா'ன்னு வாங்கிட்டுப் போய் நட்டுதே, அந்த ரோடோடென்ட்ரான் பூச்செடியோட தாய்ச்செடிக்குள்ள. மேல இல்ல, உள்ள. கிளைக்கும் கிளைக்கும் நடுவுல, அள்ள அள்ள வருது. இங்க பாரு, ஏரி முனையில ஸ்ப்ரூஸ் ஏது? ரெண்டு பிர்ச் மரம் நிக்குது, மிச்சமெல்லாம் பாறை.

— காத்து கொண்டாந்து போட்டிருக்கும்.

— காத்தா? பனியையே தங்க விடாத காத்து, ஊசியை மட்டும் பத்திரமா சொருகி வச்சுட்டுப் போச்சா?

— என்னமோ. காத்தை யாரு கேக்க முடியும்.

— காத்தைக் கேக்கல, உன்னைத்தான் கேக்குறேன். மென்னு முழுங்காதே.

— முயல் வந்துச்சு.

— முயல் ஊசி தூக்கிட்டு வந்துச்சா?

— மொட்டைக் கடிச்சுது. சரி, ரெண்டு ஸ்ப்ரூஸ் கிளையை ஒடிச்சு மேல சாத்தி வச்சேன். அவ்வளவுதான். இதுக்குப் போய் இவ்வளவு பெரிய விசாரணை.

— எப்போ சாத்துனே?

— போன குளிர்ல. பனியே விழாம உறைஞ்சுதே, அப்ப.

— போன குளிர்ல மட்டும்?

— ம்.

— இந்தக் கைக்குட்டையை விரிக்கிறேன், பாரு. இது மேல இருந்த ஊசி, பழுப்பா இருக்கு. இது நடுவுல இருந்தது, கறுத்துப் போச்சு. இது அடியில இருந்தது, விரலால நசுக்கினா மண்ணு. போன குளிர்ல போட்ட ஊசி ஒரு வருஷத்துல மண்ணாயிடுமா தைஸ்தோ? ஆராய்ச்சிப் பண்ணையில அத்தனை வருஷம் நான் என்ன புல்லா பிடுங்கிட்டு இருந்தேன்?

— காபி ஆறுது.

— ஆறட்டும். நர்சரிக்கார மொய்லானென் வர்ற நேரம். அவன் வேனை இங்க கொண்டாந்து நிறுத்துறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்.

— அவன் நிஜமாவே வர்றானா? நீ அன்னைக்குப் பேசினதுக்கு அப்புறமும்?

— வர்றான். தாய்ச்செடியைத் தன் கண்ணால பாக்கணுமாம். பாத்து என்ன செய்யப் போறானோ தெரியல, ஆனா வர்றான். நல்ல மனுஷன், அதான் வர்றான். அன்னைக்குத் தேவாலயக் கூடத்துல அத்தனை தோட்டக்காரங்க முன்னால நான் என்ன சொன்னேன்? சொல்லு, உனக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்துலதானே பன்னைக் காபியில தொட்டுத் தொட்டுத் தின்னுட்டு இருந்தே.

— செடியை மாத்திட்டான்னு சொன்னே.

— அவன் நர்சரியில ஏதோ குளிர் தாங்காத தெற்கத்திச் செடியை ஒட்டுப்போட்டு, என் பேரை மாட்டி வித்துட்டான்னு சொன்னேன். "என் செடி என் முனையில மூடாம நிக்குது, உன் செடி எப்படிச் செத்துது"ன்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். அவன் காபியைப் பாதிக் கோப்பையிலேயே வச்சுட்டு எழுந்து போனான். இந்த ஊர்ல காபியைப் பாதியில வச்சுட்டுப் போன ஆளை நீ பாத்திருக்கியா?

— இல்ல.

— நானும் பாத்ததில்ல. அன்னைக்கு நீ வாயைத் திறந்திருக்கலாம். கார்ல வர்றப்போ திறந்திருக்கலாம். வீட்டுக்கு வந்தும் நீ சும்மா ஆவிக் குளியலுக்குச் சவுனாவைச் சூடு பண்ணப் போயிட்டே. எத்தனை குளிர் மூடினே? சொல்லிடு.

— எல்லாக் குளிரும்.

— எல்லாமே?

— மொத்தமா எல்லாம். கிளையைச் சாத்தி, அது மேல சவுனா பக்கத்துல இருந்து பனியை வாரிட்டுப் போய்க் கொட்டுவேன். காத்து அடிச்சுட்டுப் போனா மறுபடியும் கொட்டுவேன். வெயில் ஏறுற காலத்துல சாக்கைக் கட்டி விடுவேன், இலை கருகாம இருக்க. நீ தடியை எடுத்துக்கிட்டு வெளிய வர ஆரம்பிக்கிறதுக்கு முன்னால எல்லாத்தையும் எடுத்துடுவேன். வெளியில எவ்வளவு உறைஞ்சாலும், மேல மூடின பனி உள்ள இருக்கிற செடிக்குக் கம்பளி மாதிரின்னு நீதானே சொல்லிக் குடுத்தே.

— சொல்லிக் குடுத்தேன். மூடக் கூடாதுன்னும் சொல்லிக் குடுத்தேன். வீடு வாங்குறப்பவே அந்த மொட்டை முனையைப் பாத்துதானே வாங்கினேன். பனி தங்காது, காத்து கிழிக்கும், அங்க பிழைச்சா எங்கயும் பிழைக்கும்னு. சோதனைப் பாத்தி அது தைஸ்தோ. அங்க போய் நீ போர்வை போத்தியிருக்கே.

— உசுரோட இருக்கட்டும்னு நினைச்சேன்.

— தினம் காலையில வந்து என்கிட்ட என்ன சொல்வே? ஜன்னல் பக்கம் நான் உக்காந்திருப்பேன். இடுப்பு எலும்பு மாத்தினதுல இருந்து பனிக்கட்டியில காலை வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதும், என் கண்ணு நீதானே. "இலையெல்லாம் சுருட்டு மாதிரி சுருண்டிருக்கு இர்யா, மேல ஒரு பொட்டுப் பனி இல்ல, ஆனா மொட்டு பச்சையா இருக்கு." இதைத்தானே சொல்வே. சுருட்டு மாதிரின்னு வேற. பாக்காத இலையை எப்படி அவ்வளவு அழகா சொன்னே?

— முன்னால பக்கத்துச் செடியில பாத்ததைச் சொல்வேன்.

— இங்க பாரு. ஒண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லு. நான் ரேடியோவுல பேசினப்போ, என் பேரைச் செடிக்கு வச்சப்போ, அந்தச் செடி வடக்கே ஊர் ஊரா போனப்போ, உனக்கு ஒரு நாளாவது தூக்கம் கெட்டுதா?

— கெட்டுது. முதல்ல கெட்டுது. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் பனி நல்லா விழுந்துது, எல்லார் வீட்டுலயும் செடி பனிக்கு அடியில பத்திரமா இருந்துது. ஒருத்தரும் புகார் சொல்லல. சரி, நிஜமாவே குளிர் தாங்குற செடிதான் போலன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்.

— போன குளிர்ல பனி ஏமாத்திடுச்சு.

— ம். பனி விழுந்து செடியை மூடறதுக்கு முன்னால உறைபனி வந்துடுச்சு.

— சுவோமுஸ்ஸல்மி ஊர்ல இருந்து ஒரு பொம்பளை போன் பண்ணினா, தெரியுமா? நீதான் எடுத்து என்கிட்ட குடுத்தே. புருஷன் கல்லறையில நட்டு வச்சாளாம். "குட்டி இர்யா செத்துப் போச்சும்மா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா"ன்னு கேக்குறா. என்னைத் திட்டக்கூட இல்ல. தன் மேலதான் தப்புன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. நான் அவகிட்ட மொய்லானெனைத் திட்டித் தீர்த்தேன். நீ கதவுப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டே இருந்தே.

— இர்யா, மொய்லானென்கிட்ட வேற ஏதாவது சொல்லிக்கலாம். எலி வேரைக் கடிச்சுடுச்சுன்னு. இல்ல, அந்தத் தடவை வித்த செடிக்கெல்லாம் மண்ணு சரியில்லன்னு. நீ ஒரு மன்னிப்பு கேட்டா அவனும் ஒத்துக்குவான். யாருக்கும் நஷ்டம் இல்ல.

— இன்னும் ஒரு போர்வை எடுத்துட்டு வர்றியா?

— உனக்காகத்தான் சொல்றேன்.

— எனக்காக. எல்லாம் எனக்காக. எனக்காகன்னு சொல்லியே என்னைத் திருடியாக்கிட்டே. நல்லவன் ஒருத்தனைத் திருடன்னு சொல்ல வச்சே. எதுக்கு தைஸ்தோ? மூடாம விட்டிருந்தா என்ன, செத்திருக்கும். நூறு செடி சாகும், ஒண்ணு நிக்கும், அந்த ஒண்ணுக்குத்தானே இந்தப் பாடு. சாக விடறதுதான் என் வேலை.

— நீ அந்தக் குளிரை மறந்துட்டே.

— எந்தக் குளிர்?

— ஆராய்ச்சிப் பண்ணையை இழுத்து மூடின வருஷம். குட்டையா, சிவப்பா, இந்த ஊர் குளிர் தாங்குற செடி கிடையவே கிடையாதுன்னு சொல்லி உன்னை வீட்டுக்கு அனுப்பினாங்களே, அந்தக் குளிர். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே. கறுப்பு ரொட்டியில வெண்ணெய் தடவி வச்சா அப்படியே காயும். பேச்சே இல்ல. நாளுக்கு அந்தச் செடியைப் பத்தி ஒரே ஒரு கேள்வி கேப்பே. "அது இருக்கா?" இருக்குன்னு சொன்னா ரெண்டு வாய் சாப்பிடுவே. அவ்வளவுதான்.

— அதனால?

— ஒரு நாள் போய்ப் பாத்தேன், மொட்டெல்லாம் கறுத்துப் போச்சு. கீழ ஒண்ணே ஒண்ணுதான் பச்சையா இருந்துது. நான் வீட்டுக்கு வந்து என்ன சொல்றது? நீ கேப்பியே. அன்னைக்குத்தான் முதல் முதல்ல கிளை ஒடிச்சேன். எனக்குச் செடி பத்தி என்ன தெரியும், நான் லாரி ஓட்டினவன். உன்னைச் சாக விடறது என் வேலை இல்ல, அது மட்டும் தெரிஞ்சுது.

— இதை அன்னைக்கு வசந்தத்துலயே சொல்லியிருக்கலாம். நான் எழுந்து நடக்க ஆரம்பிச்சப்போ.

— நீ அதைப் பாத்துச் சிரிச்சே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?

— அழ வைக்காதே என்னை. கோவத்துல இருக்கேன், கோவத்துலயே இருக்க விடு. ஒரு செடிக்காக மட்டும் அவ்வளவு பனி வாரினியா? பாத்தியில அப்ப ரெண்டு மிச்சம் இருந்துதே. ஒரே காயில வந்த விதை, ரெண்டும் குட்டை, ரெண்டும் சிவப்பு. பாறைப் பக்கம் இருந்த இன்னொண்ணை ஏன் மூடல?

— அதைப் பத்தி நீ கேக்கவே இல்லையே. உனக்கு இதுதான் பிடிச்சுது.

— அதுக்காக விட்டுட்டியா?

— அதை மூட வேண்டிய தேவையே வரலையே. அது பாட்டுக்கு நின்னுது.

— என்ன சொன்னே?

— அது பாட்டுக்கு நின்னுதுன்னு சொன்னேன். ஒரு தடவை கூட அது மேல நான் எதையும் போடல.

— அது பாத்தியில இருந்த ரெண்டு குளிரும்?

— ரெண்டு குளிரும். சுருட்டு மாதிரி சுருளும், அப்புறம் நிமிர்ந்துக்கும். உன்கிட்ட சொன்னதெல்லாம் அதைப் பாத்த ஞாபகத்துலதான். ஏன் இர்யா, முகம் வெளுத்துப் போச்சே? உக்காரு.

— தொடாதே. இலை ஓரம் கருகியிருந்துது. ரெண்டாவது வசந்தத்துல நான் வந்து பாத்தப்போ அதுல ஓரம் கருகல் இருந்துது. மொட்டு கொஞ்சம் போயிருந்துது. பக்கத்துல குட்டி இர்யா பளபளன்னு நின்னுது, ஒரு மொட்டுக்கூட விழாம. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்து, இது தேறாதுன்னு சொன்னேன்.

— ஓரம்தானே கருகுச்சு. பூத்துச்சே.

— பூத்துச்சு. ஆமா, பூத்துச்சு. அந்த முனையில, அந்தக் காத்துல, பனியும் இல்லாம, போர்வையும் இல்லாம, கருகின இலையோட பூத்துச்சு. அதைத்தான் நான் ஆயுசு பூரா தேடினேன் தைஸ்தோ. அது என் காலடியிலேயே நின்னுது. நீ போத்தி வளர்த்ததோட ஒப்பிட்டு, அதை நானே கழிச்சேன்.

— எனக்கு அது தெரியாது. நீ வேண்டாம்னே, நான் வேண்டாம்னு நினைச்சேன்.

— வேன் சத்தம் கேக்குது.

— மொய்லானென்தான். பாலத்தைத் தாண்டிட்டான். என்ன சொல்லப் போறே அவன்கிட்ட?

— உண்மையைச் சொல்வேன். கூடத்துல எல்லார் முன்னாலயும் மறுபடியும் சொல்வேன். அந்தக் கல்லறைப் பொம்பளைக்கு நானே போன் பண்ணுவேன். என் பேரைச் செடியில இருந்து எடுத்துடச் சொல்வேன். ஆனா அதுக்கு முன்னால நீ ஒண்ணு சொல்லு. அந்த இன்னொரு செடி. தோண்டி எடுத்து எரிச்சுடு, யாருக்கும் குடுக்காதேன்னு உன்கிட்ட சொன்னேன்.

— சொன்னே. கழிச்ச செடி வெளிய போகக் கூடாதுன்னு உனக்கு ஒரு கொள்கை.

— கொள்கை கிடக்கட்டும். உனக்கு மனசு வந்திருக்காது. பூத்த செடியை எரிக்கிற ஆளா நீ? சவுனாவுக்குப் பின்னால எங்கயாவது நட்டிருப்பே. இல்ல, உன் அக்கா வீட்டு வேலி ஓரமா. எனக்குத் தெரியாம குடுத்திருப்பே. நான் கோவிச்சுக்க மாட்டேன், சத்தியமா. இத்தனை வருஷம் பொய் சொன்னியே, அதுலயும் ஒரு பொய் சொல்லியிருந்தா இப்ப சொல்லிடு தைஸ்தோ. நான் உன் காலைத் தொட்டுக் கும்பிடுறேன்.

— இர்யா.

— சொல்லு. எங்க இருக்கு?

— நடுக்கோடைத் திருவிழாவுக்குத் தீ மூட்டினோமே கரையில, விருந்தாளியெல்லாம் வந்திருந்தாங்களே, அதுல வேரோட போட்டேன். அந்த ஒரு தடவைதான் இர்யா, நீ சொன்னதை அப்படியே செஞ்சேன்.