தண்ணீர் ஊற்றும் பக்குவம்

நீங்கள் வந்தபோது எங்கள் கார் வெளியே வெயிலில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், மேடம். பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வரிசையில் எல்லார் வீட்டிலும் கார் உள்ளே நிற்கும், செடி வெளியே இருக்கும். எங்கள் வீட்டில் மட்டும் தலைகீழ். கார் நிறுத்தும் போர்ச் முழுவதும் என் மனைவி மீனலோசனியின் ஆர்க்கிட் தொட்டிகள். அக்கம்பக்கத்தார் கேலி செய்வார்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டுப் போய்விடுவேன்.

எல்லாமே ஸ்லிப்பர் ஆர்க்கிட் வகை. பூவின் கீழிதழ் குழந்தையின் செருப்பு முனை மாதிரி குவிந்திருக்கும். மீனா பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு இந்தச் செடிகளைத்தான் வகுப்பாக வைத்துக்கொண்டாள். நான் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். செடிகளைத் தொட எனக்கு அனுமதியில்லை, அதில் எனக்குக் குறையும் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. வீட்டில் என்ன சமையல், எந்தக் கல்யாணத்துக்குப் போவது, எந்தச் சொந்தக்காரரோடு பேச்சை நிறுத்துவது, எல்லாம் அவள் முடிவு செய்வாள், நான் தலையாட்டுவேன். சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் தைப்பூசம் முடிந்த கையோடு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது பிரவீனா என்ற பெண் என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினாள். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி கொடுப்பவள் அவள்தான்.

"அங்கிள், தண்ணிய மட்டும் அப்படியே குடுத்துறாதீங்க. ஆன்ட்டிக்கு முழுங்குறது இன்னும் சரியா வரல. நேரா நுரையீரலுக்குப் போயிரும். இந்தப் பவுடரக் கலந்து, கஞ்சி மாதிரி கெட்டியானப்புறம் ஸ்பூன்ல குடுங்க. கட்டில் தலைமாட்ட நல்லா தூக்கி, நிமிர்ந்து உக்கார வச்சு, தாடைய கீழ இறக்கச் சொல்லிக் குடுக்கணும். ஓகேவா?"

இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். வேலையில் இருந்த காலத்திலும் அப்படித்தான். ஒரு விதி இருக்கிறதென்றால் அதை முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் நகரமாட்டேன். ஆகையால் எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை.

செடிகளும் என் பொறுப்பில் வந்தன. அங்கேதான் நான் தடுமாறினேன். முதலில் எல்லாருக்கும் வரும் ஆசைதான், தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினேன். இலைகள் மஞ்சளாயின. பயந்துபோய் ஒரு செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வேரெல்லாம் பழுப்பாக, மெல்லிய ரோமம் போர்த்தியிருந்தது. அழுகிவிட்டதென்று கத்தரியால் அத்தனையையும் நறுக்கினேன். பிறகுதான் தெரிந்தது, ஸ்லிப்பர் ஆர்க்கிட்டின் நல்ல வேரே அப்படித்தான் இருக்குமாம். உயிருள்ள வேரையெல்லாம் வெட்டிவிட்டு, மொட்டைச் செடியை மரப்பட்டைத் துண்டிலும் கரியிலும் நட்டு, பிழைக்குமா பிழைக்குமா என்று தினமும் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீனா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்ப்பாள். பேச்சு வராது. கண்ணாலேயே திட்டுவாள். எனக்கு அது பிடித்திருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், என் திருமண வாழ்க்கையிலேயே நான் மிகவும் சந்தோஷமாக இருந்த மாதங்கள் அவை. காலையில் அவளைத் துடைத்துவிடுவேன், உடை மாற்றுவேன், கெட்டித் தண்ணீரை ஸ்பூனில் கொடுப்பேன். நான் அறையை விட்டுப் போனால் தொண்டையில் ஒரு சத்தம் எழுப்பி என்னைத் தேடுவாள். அதற்கு முன்பு அவள் என்னைத் தேடியதே கிடையாது.

கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பியது. ஒரு நாள் போர்ச்சில் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, "நடுக்குருத்துல... தண்ணி நிக்குது. அழுகிரும். சாய்ச்சு... வடிய விடுங்க" என்றாள். இன்னொரு தொட்டியை நான் கையில் எடுத்ததும், "வேர் புடிக்க விடுங்களேன். சும்மா சும்மா... புடுங்கிப் பாக்காதீங்க" என்றாள். குளறலாக இருந்தாலும் பழைய டீச்சர் குரல். பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்திருந்த பிரவீனா கை தட்டினாள். நானும் தட்டினேன்.

அந்தக் கெட்டித் தண்ணீரை மட்டும் அவளால் சகிக்க முடியவில்லை. பசை என்பாள். பூவாளியைக் காட்டி, "செடிக்கு... நல்ல தண்ணி. எனக்குப் பசை" என்பாள். ஒரு வாய் பச்சைத் தண்ணீருக்காக அழுதிருக்கிறாள். ஆனாலும் கொடுத்ததில்லை. விதி என்றால் விதி.

பத்து பாகாட் என்ற ஊரில் அவளுடைய அக்கா தங்கரத்தினம் இருக்கிறார். உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தவர் அவர்தான், தெரியும். ஒரு மத்தியானம் அவர் போனில் மீனாவோடு பேசிக்கொண்டிருந்தார். கையால் பிடிக்க முடியாதென்று நான்தான் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுக்களைக்குப் போனேன்.

"அக்கா, என்னைக் கூட்டிட்டுப் போ" என்றாள். நடுவில் தடுக்காமல் அவள் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

"வா லா. கீழ் ரூம் சும்மாதான் கிடக்கு. தேவானந்தனும் வரட்டும், சனி ஞாயிறுல. உனக்கு வேற என்ன வேணும்?"

"செடி... எல்லாம் கொண்டு வரணும்."

அவ்வளவுதான். செடிகள் எல்லாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இந்தத் தேவானந்தன் சனி ஞாயிறு வந்து பார்த்துவிட்டுப் போகும் ஆள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் அசையாமல் நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது, மேடம். அவள் செத்துவிடுவாளோ என்று ஆஸ்பத்திரியில்கூட அப்படிப் பயந்ததில்லை. அந்த வீட்டில் அவளும் இல்லாமல், செடியும் இல்லாமல், காரை உள்ளே விட்டுவிட்டு நான் மட்டும் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன்.

போகாதே என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவள் முடிவு செய்ததற்கு மறுப்புச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

கூட்டிப்போக அக்கா நாள் குறித்திருந்த வாரம் மீனா மறுபடியும் தண்ணீர் கேட்டாள். அன்று கொடுத்தேன். கண்ணாடி கிளாஸில், ஐஸ் போட்ட பச்சைத் தண்ணீர். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள், இருமினாள், மறுபடியும் குடித்தாள். இரக்கப்பட்டுத்தான் கொடுத்தேன். பிறகு காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். பவுடர் சரியாகக் கலந்தீர்களா என்று டாக்டர் கேட்டார். கலந்தேன் என்றேன். கலப்பது எனக்குக் கைவந்த வேலைதான், அதில் பொய் இல்லை. பத்து பாகாட் பயணம் நின்றுபோனது.

வீட்டுக்கு வந்தபோது பேச்சு பழையபடி போயிருந்தது. தொண்டையில் சத்தம் எழுப்பி என்னைத் தேடினாள். நான் ஓடி ஓடிச் செய்தேன். வார்டில் இருந்த நர்ஸ்கள்கூட, இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். விசாரித்துப் பாருங்கள்.

ஆனால் மீனா திடமான பெண். மறுபடியும் தேறினாள். உட்கார்ந்தாள், ஸ்பூனை இடது கையால் பிடித்தாள், பேச்சும் வந்தது. அக்கா மறுபடியும் நாள் குறித்தார். அந்த வாரம் நான் மறுபடியும் கிளாஸில் தண்ணீர் கொண்டுபோனேன். இந்த முறை அவள் கேட்கவில்லை. கிளாஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டதென்று நினைக்கிறேன். இருந்தாலும் தாகம். குடித்தாள். குடிக்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துண்டால் ஒற்றி எடுத்தேன்.

அந்தக் காய்ச்சலிலிருந்து அவள் எழுந்ததே பெரிய காரியம் என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு என் கையால் எதையும் வாங்கமாட்டாள். பிரவீனா வந்தால் சாப்பிடுவாள், அக்கா வந்தால் சாப்பிடுவாள். நான் ஸ்பூனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நோயாளிகளின் பிடிவாதம் என்று பிரவீனா சமாதானம் சொன்னாள். மீனா அவளிடம் ஏதோ சொல்லப் பார்த்தாள். வார்த்தை கூடி வரவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன், எழுந்து போகவில்லை.

அக்கா இந்த முறை நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் காரோடு வந்து இறங்கினார். "இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன். நான் நாள் சொல்ற ஒவ்வொரு தடவையும் இவளுக்குக் காய்ச்சல் வருது, தேவா. என்னான்னு எனக்குப் புரியல" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அவரே மீனாவைக் குளிப்பாட்டினார், நீலப் பூப்போட்ட கவுன் போட்டுவிட்டார், கட்டிலில் நிமிர்த்தி உட்கார வைத்தார். மீனா அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஓடியாந்துருவேன்மா, செடிய அடுக்கப் பெட்டி வேணுமே" என்று விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, மூலையில் இருக்கும் மளிகைக் கடைக்கு அட்டைப்பெட்டி கேட்கப் போனார்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். போர்ச்சில் ஒரு செடியில் மொட்டு வந்திருந்தது, நான் வேரை வெட்டிய செடி இல்லை, அது செத்துவிட்டது. வேறொன்று. அதைக் காட்டினால் மனம் மாறுவாளா என்று தோன்றியது. தொட்டியைக் கொண்டுவந்து காட்டினேன். பார்த்தாள். "அதையும்... பெட்டில... வைங்க" என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

அதற்குப் பிறகு எனக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. நீங்களே சொல்லுங்கள், வேறு என்ன வழி இருந்தது? அவளுக்குக் கொஞ்சம் காய்ச்சல் வந்தால் போதும். ஒரு மாதம் கிடைக்கும். அதற்குள் நான் ஏதாவது பேசிப் பார்த்திருப்பேன்.

கட்டிலின் தலைமாட்டை இறக்கினேன். பக்கத்தில் சுற்றுகிற கைப்பிடி இருக்கிறது. அதற்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தேன், சத்தம் வராது. வீட்டில் எதையும் துருப்பிடிக்க விடும் பழக்கம் எனக்கில்லை. அவள் மட்டமாகப் படுத்ததும் கூரையைப் பார்த்தாள், பிறகு வாசலைப் பார்த்தாள்.

அவள் தண்ணீர் கேட்டாள், அதனால்தான் கொடுத்தேன் என்று அக்காவிடம் சொன்னேன். ஆம்புலன்ஸில் வந்து, உயிர் போய்விட்டது என்றவர்களிடமும் சொன்னேன். அது சரியில்லை, திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அவள் கேட்கவில்லை. வாயை இறுக்கி மூடியிருந்தாள். கன்னத்தை இரண்டு பக்கமும் அழுத்தினால் வாய் திறக்கும், மாத்திரை கொடுத்துக் கொடுத்துப் பழகியது. ஊற்றினேன். முதலில் மெதுவாகத்தான் ஊற்றினேன்.

பாதி கிளாஸ் போனபோது இடது கையை உயர்த்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். இத்தனை வருடத்தில் அவளாக என் கையைப் பிடித்ததே இல்லை. கல்யாண மேடையில்கூட ஐயர் சொல்லி நான்தான் பிடித்தேன். நகம் பதியும் அளவுக்குப் பிடித்தாள், தடம் இதோ இன்னும் இருக்கிறது, பாருங்கள். எங்கேயும் போகவில்லை, உங்களோடுதான் இருக்கிறேன் என்று சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. மனசு நிறைந்துபோய், மிச்சத்தையும் ஊற்றினேன்.